காணா ஒளியைக் கருவியாக்கிய வுட்

நம் கண்ணுக்குப் புலனாகும் ஒளி மிகக் குறுகிய எல்லைக்குள் அடங்கியது. வானவில்லின் செந்நிறத்திற்கு அப்பாலும் கதிர்கள் உண்டு. ஊதா நிறத்திற்கு அப்பாலும் கதிர்கள் உண்டு. ஊதாவுக்கு அப்பாற்பட்ட கதிர்களை 1801ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ரிட்டர் கண்டறிந்தார். அவர் வெள்ளி உப்பைச் சூரியநிறமாலையின் பல இடங்களிலும் வைத்துப் பார்த்தார். ஊதா முடிந்து, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில்தான் அவ்வுப்பு மிக விரைவாகக் கறுத்தது. அங்கு விழும் கதிர்களையே இன்று புறஊதாக் கதிர்கள் என்கிறோம். எனினும், அவற்றைக் காணும் ஒளியினின்று பிரித்தெடுத்து, விளக்குப்போலக் கையாளும் வழி நூறாண்டு கழிந்த பின்னரே செவ்வையாக அமைந்தது. அதனை அமைத்தவர் இராபர்ட் வில்லியம்ஸ் வுட் என்னும் அமெரிக்க இயற்பியலறிஞர். தோல் மருத்துவர்கள் இருட்டறையில் நோயாளியின் மேனிமேல் பிடித்துப் பார்க்கும் ஊதா விளக்கு இன்றும் அவர் பெயராலேயே வுட் விளக்கு என வழங்குகிறது. வியப்பு என்னவெனில், அவர் மருத்துவம் கற்றவர் அல்லர்; நோயாளிக்காக அவ்விளக்கைச் செய்தவரும் அல்லர்.

வுட் 1868ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த கான்கார்டு என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஒரு மருத்துவர். சிறுவர் வுட்டுக்குப் பள்ளிப் பாடத்தினும் பொறிகளிலேயே நாட்டம் மிகுதி. அண்டையில் காற்றூதும் பொறிகளைச் செய்யும் பெரிய தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதன் உரிமையாளர் இச்சிறுவரைத் தடையின்றி உள்ளே உலவ விட்டார். பின்னாளில் எந்தக் கருவியையும் தம் கையாலேயே ஆக்கிக்கொள்ளும் திறம் அவருக்கு அங்கேதான் வாய்த்திருக்க வேண்டும்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்று 1891இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டு கெர்ட்ரூட் ஏம்ஸ் என்னும் நங்கையை மணந்தார். பின்னர் ஜெர்மனியின் பெர்லின் நகருக்குச் சென்று பயின்றார். வேதியியலை விட்டு இயற்பியலுக்குத் திரும்பியதும் அக்காலத்திலேதான். விமானம் தோன்றாத அந்நாளில் சிறகு கட்டி மலைச்சரிவிலிருந்து பறந்து காட்டியவர் லிலியந்தால். அவரோடு பழகிய வுட், அவருடைய சறுக்கு ஊர்தியில் தாமும் ஏறிப் பார்த்தார். அதற்குச் சில நாளில், 1896 ஆகஸ்டில், லிலியந்தால் கீழே விழுந்து மாண்டார்.

தாயகம் மீண்ட வுட், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அங்கே குளிர்காலத்தில் தண்ணீர்க்குழாய்கள் உறைந்து அடைபடும். தெருவைத் தோண்டினாலன்றி நீர் வாராது. குழாயினூடே மின்சாரத்தைச் செலுத்தி, அது தரும் வெப்பத்தால் பனிக்கட்டியை உருக்கும் முறையை இவர் கண்டார். 1901இல் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்ந்தார். அதன் பின் வாழ்நாள் முழுதும் ஒளியை ஆராய்வதே அவர் தொழிலாயிற்று. கோடையில் ஈஸ்ட் ஹாம்ப்டன் என்னும் கடலோர ஊரில் ஒரு பழைய களஞ்சியமே அவர் ஆய்வுக்கூடம். அங்கு நாற்பது அடி அளவு நீண்ட நிறமாலைக் குழாய் ஒன்றை அமைத்திருந்தார். ஓராண்டு அதனுள் சிலந்தி வலை நிறைந்துவிடவே, வீட்டுப் பூனையை ஒருமுனையில் விட்டு, மறுமுனை வழியே வெளிவரச் செய்தார். பூனையின் உடம்பில் வலையெல்லாம் ஒட்டிக்கொண்டு குழாய் தூய்மையாயிற்று.

இத்தகைய குறும்புகளுக்காகவே அவரை நினைவில் வைத்திருப்போர் பலர். அவரது பெருமையை 1904இல் நிகழ்ந்த ஒரு செயலே நன்கு காட்டும் என்பது என் கருத்து. எக்ஸ் கதிர்கள் 1895இல் வெளிப்பட்ட பின், புதுக்கதிர் காணும் வேட்கை எங்கும் பரவியிருந்தது. 1903இல் பிரான்சு நாட்டு நான்சி நகரில் புளோந்திலோ என்னும் பெரும் பேராசிரியர், என் கதிர்கள் என்ற புதுவகைக் கதிரைக் கண்டதாக அறிவித்தார். பொய் சொல்லும் மனிதர் அல்லர் அவர், நன்மதிப்புடையவர். மெல்லிய ஒளிப்பொறியின் பொலிவு மிகுவதைக் கண்ணால் பார்த்தே அக்கதிரை உணர வேண்டும் என்றார். அவர் நாட்டு அறிஞர் பலரும் தாமும் கண்டதாக எழுதினர். பிற நாட்டார் எவ்வளவு முயன்றும் ஒன்றும் காணவில்லை.

வுட் நேரே நான்சிக்குச் சென்றார். இருட்டறையில், அலுமினியப் பட்டகம் ஒன்று என் கதிரை வளைத்துப் பிரிக்கின்றது என்று கூறி, அக்கதிர் விழும் இடங்களைப் புளோந்திலோ அளந்து காட்டினார். இருளின் மறைவில் வுட் அப்பட்டகத்தை ஓசையின்றி எடுத்துவிட்டார். அளவுகள் மாறவில்லை! கதிரை வளைக்கும் பொருளே அங்கு இல்லாதபோதும் வளைந்த கதிர் தெரிந்துகொண்டே இருந்தது. கண் கண்டதன்று அது. உள்ளம் விரும்பியதைக் கண் கண்டதாக எண்ணியதே ஆகும். வுட் இதனை அவ்வாண்டு செப்டம்பரில் நேச்சர் என்னும் இதழில் வெளியிட்டார். என் கதிர்களின் கதை அத்துடன் தேய்ந்து மறைந்தது. ஒரு முதிய அறிஞரின் நற்பெயர் குலைந்தது வருந்தத்தக்கதே. ஆயினும் உண்மை ஒருவர் மதிப்புக்காக வளைந்து கொடுக்குமோ?

கண்ணுக்குத் தெரியாத கதிர் எதுவும் பொய்யே என்று வுட் நினைத்தாரில்லை. அதற்கு முந்திய ஆண்டாகிய 1903இலேயே, காணும் ஒளியைத் தடுத்துப் புறஊதாக் கதிரை மட்டும் விடும் வடிதிரை ஒன்றைப் பற்றி அவர் எழுதியிருந்தார். அதற்கு அவர் பயன்படுத்தியது ஒருவகைச் சாயம் ஏற்றிய கூழ்ப்படலம். அம்முறையைப் பின்னர்த் திருத்தி, நிக்கல் ஆக்சைடு சேர்ந்த கண்ணாடியை ஆக்கினார். நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பங்கு நிக்கல் ஆக்சைடு கலந்த அக்கண்ணாடி பார்வைக்குக் கன்னங்கரியது. ஆனால் 320 முதல் 400 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள கதிர்களுக்கு வழிவிடும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறே நானோமீட்டர் என்க. இத்தகைய வடிதிரைகளைக் கொண்டு 1910ஆம் ஆண்டளவில் அவர் நிலவைப் படம் பிடித்தார். அரிஸ்டார்க்கஸ் என்னும் நிலவுப் பள்ளத்தின் அருகே, வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு கருந்திட்டு அப்படத்தில் தோன்றியது.

முதல் உலகப்போரில் அமெரிக்கா சேர்ந்தபோது, வுட் படையின் செய்தித்துறையில் மேஜர் பதவி ஏற்றார். பகைவர் காணாதபடி விளக்கால் செய்தி அனுப்ப இக்கண்ணாடி உதவியது. இரவில் கூட்டமாகச் செல்லும் கப்பல்கள் ஒன்றையொன்று பிரியாதிருக்கவும் புறஊதா விளக்கை அமைத்தார். இவ்விளக்கின் ஒளியில் மனிதர் முகம் எவ்வாறு தோன்றும் என்பதையும் 1919இல் எழுதினார். இயற்கைப் பற்கள் வெண்ணீலமாக ஒளிரும். பொய்ப்பற்களோ கறுத்துத் தோன்றும். கண்ணின் உள்ளிருக்கும் வில்லையும் ஒளிர்வதால், பார்ப்பவருக்கு எங்கும் மூடுபனி சூழ்ந்தாற்போல இருக்கும்.

இதன் காரணத்தை நீங்கள் அறிதல் வேண்டும். சில பொருள்கள் புறஊதாக் கதிரை உட்கொண்டு, அதனை நீண்ட அலையாக்கி, நாம் காணக்கூடிய நிறவொளியாக வெளிவிடும். இதனை ஒளிர்தல் என்பர். இவ்வொளி மிக மெல்லியது. பகலில் விண்மீன் தெரியாதவாறுபோல, விளக்கின் சொந்த வெளிச்சம் கலந்தால் அது மறைந்துபோகும். அவ்வெளிச்சத்தை விலக்குவதே வுட்டின் கண்ணாடி செய்யும் பணி.

போர் முடிந்து சில ஆண்டுகள் சென்றன. 1925இல் பிரான்சின் மோன்பெல்லியே நகரத்து மருத்துவர் இருவர், மார்கரோ, டெவேஸ் என்போர், இவ்வொளியைத் தோலின்மேலும் தலைமயிரின்மேலும் செலுத்திப் பார்த்தனர். தலையில் படர்தாமரை பற்றிய இடத்து மயிர்கள் இருளில் பச்சையாக ஒளிர்ந்தன! அருகே இருந்த நோயற்ற மயிர் இருண்டே கிடந்தது.

இதன் அருமை அக்காலத்துப் பிள்ளைகளின் துன்பத்தை நினைத்தால் விளங்கும். தலைப் படர்தாமரை பெரும்பாலும் சிறுவரையே பற்றும். ஒருவர் தலையிலிருந்து மற்றொருவர் தலைக்குத் தொற்றும். நோயுற்ற பிள்ளை மாதக்கணக்காகப் பள்ளிக்கு வாராமல் விலக்கி வைக்கப்படும். உள்ளுக்குக் கொடுத்துத் தீர்க்கும் நல்ல மருந்து இல்லை. எக்ஸ் கதிரைச் செலுத்தித் தலைமயிர் முழுவதையும் உதிர்ப்பர். அவ்வாறு கதிர் பாய்ச்சப்பட்டவருள் சிலருக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் வந்தது. தாலியம் என்னும் நச்சு உப்பைக் கொடுத்து உதிர்க்கும் முறையும் இருந்தது. அதனால் உயிரிழந்த குழந்தைகளும் உண்டு. இந்நிலையில், எந்த மயிரில் நோய் உள்ளது, எதில் இல்லை என்று ஒரு நொடியில் காட்டும் விளக்கு எத்துணைப் பெரிய உதவி! 1940களில் அமெரிக்க நகரங்களில் இந்நோய் பரவியபோது, பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி இவ்விளக்கால் சோதித்தனர். கத்தியோ ஊசியோ இல்லை, வலியும் இல்லை. 1958இல் கிரீசியோபுல்வின் என்னும் உள்மருந்து பயனுக்கு வந்தபின், நோய் முற்றும் நீங்கியதா என அறியவும் இது துணையாயிற்று.

படிப்படியாக வேறு பயன்களும் புலப்பட்டன. தேமல் மஞ்சள் நிறமாகத் தோன்றும். அக்குள், தொடையிடுக்கு முதலிய மடிப்புகளில் ஒருவகை நுண்ணுயிரால் உண்டாகும் படை பவழச் செந்நிறமாக ஒளிரும். தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்னும் பொருள் அழிந்த வெண்புள்ளிகள், நீலவெண்மையாகக் கூரிய விளிம்புடன் பளிச்சிடும். வெளிர்ந்த மேனியுடையாரிடம் பகல் வெளிச்சத்தில் தெரியாத புள்ளிகூட இதில் தப்பாது. இவ்வெண்புள்ளியைக் குட்டம் என்று சொல்லி அஞ்சுவோர் உளர். அது தொழுநோயும் அன்று, தொற்றுவதும் அன்று.

வுட் தம் விளக்கின் இப்புகழைப் பெரிதாகக் கொண்டாடியதாகத் தெரியவில்லை. அவர் உள்ளம் அடுத்தடுத்த ஆராய்ச்சிகளில் ஓடிக்கொண்டிருந்தது. 1927இல் லூமிஸ் என்பாரோடு சேர்ந்து, செவிக்குக் கேளா ஒலியலைகளின் ஆற்றலை வெளியிட்டார்; காணா ஒளியை ஆண்டவர் கேளா ஒலியையும் விட்டாரில்லை. இலண்டன் இராயல் கழகம் 1938இல் ரம்ஃபோர்டு பதக்கம் அளித்து அவரைச் சிறப்பித்தது. குழந்தைகளுக்காகப் பறவைகளையும் மலர்களையும் ஒப்பிட்டு, தாமே படம் வரைந்து வேடிக்கைப் பாடல் நூலும் இயற்றியவர் அவர். 1955 ஆகஸ்டு 11ஆம் நாள், தம் 87ஆம் வயதில் இயற்கை எய்தினார். நிலவின் மறுபுறத்தில் உள்ள ஒரு பள்ளத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

அவர் விளக்கைக் கையாளும் மருத்துவர்க்கு இன்று பயிற்றும் முறையும் அறியத்தக்கது. அறையை நன்கு இருட்டாக்கி, கண் இருளுக்குப் பழகும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். தோலில் பூசிய களிம்பும், சோப்பின் எச்சமும், ஆடையின் நூல்துகளும் தாமே ஒளிர்ந்து நோய்போல ஏமாற்றும். ஆகலின் அவற்றை முன்னரே நீக்க வேண்டும். ஒளிராத இடமெல்லாம் நலமுடையது என்று கொள்வதும் பிழை. தலைப் படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சைகளில் ஒளிராத இனங்களும் உண்டு. இன்று அமெரிக்காவில் மிகுதியாகக் காணப்படுவது அத்தகைய இனமே. ஐயம் எழுந்தால் மருத்துவர் விளக்கை அணைத்துவிட்டு, நோய்ப்பட்ட இடத்தைச் சிறிது சுரண்டி எடுத்து நுண்பெருக்கியின்கீழ் வைத்துப் பார்க்கிறார்.