தபால்காரர் மகன் போப் ஆண்டவர் ஆனார்!

இத்தாலியில் ரியேசே என்ற சிற்றூர். அங்கே ஓர் ஏழைத் தபால்காரருக்கு 1835-ம் ஆண்டு பிறந்தவர் ஜோசப் சார்த்தோ. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போவார். தேய்ந்துவிடும் என்று செருப்பைத் தோளில் போட்டுக்கொள்வாராம்!

1852-ல் தந்தை இறந்தார். வீட்டில் தம்பி, தங்கைகள் பலர். மூத்த மகன் குடும்பத்தைத் தாங்க வேண்டாமா? ஆனால் தாயார் மார்கரீத்தா, மகனின் படிப்பை நிறுத்தவில்லை. துணி தைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினார்.

1858-ல் ஜோசப் பாதிரியார் ஆனார். 1884-ல் மாந்துவா நகரின் பிஷப். 1893-ல் கார்டினல். அந்த உயர்வைப் பார்த்துவிட்டே, மறு ஆண்டு தாயார் கண்மூடினார்.

1903-ல் புதிய போப்பைத் தேர்ந்தெடுக்க ரோம் நகருக்கு ரயில் ஏறினார். திரும்பி வரவும் டிக்கெட் வாங்கியிருந்தார். அது பயன்படவில்லை. அவரே போப் ஆண்டவர் ஆனார்: பத்தாம் பயஸ்!

ஏழையாகவே சாக விரும்புவதாக உயில் எழுதினார். 1914-ல் மறைந்தார். 1954-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது.