முகம் காட்டாமல் புகழ் பெற்ற நடிகர்

1933-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு பேசும் படம் வெளிவந்தது. படத்தின் பெயர் 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்'.

கதாநாயகன் ஒரு விஞ்ஞானி. தான் கண்டுபிடித்த மருந்தைத் தானே போட்டுக்கொள்கிறான். அவன் உருவம் மறைந்துவிடுகிறது! முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு திரிகிறான். துணியை அவிழ்த்தால் உள்ளே ஒன்றும் இல்லை! படத்தின் முடிவில், அவன் உயிர் பிரிந்த பிறகுதான் முகம் தெரிகிறது. அதுவரை ரசிகர்களை மிரட்டியது அவன் குரல்.

அந்தக் குரலுக்கு உரியவர் கிளாட் ரெயின்ஸ். சிறு வயதில் அவருக்குச் சரியாகப் பேச்சே வராது!

திக்குவாய்ச் சிறுவன்

கிளாட் ரெயின்ஸ் 1889-ம் ஆண்டு நவம்பர் 10-ந் தேதி லண்டனில் பிறந்தார். தகப்பனார் பிரெட் ரெயின்ஸ் ஒரு நடிகர். ஆனாலும் வீட்டில் வறுமை. உடன் பிறந்தவர்களில் பலர் குழந்தையிலேயே இறந்து போனார்கள்.

கிளாடுக்குத் திக்குவாய். சில எழுத்துக்கள் நாக்கில் வரவில்லை. வந்த பேச்சும் லண்டன் ஏழைத் தெருக்களின் கொச்சைப் பேச்சு.

பத்து வயதிலேயே மேடை ஏறினார். பிறகு, பீர்போம் ட்ரீ என்ற பிரபல நடிகரின் நாடகக் கொட்டகையில் எடுபிடி வேலை கிடைத்தது. காட்சி வரும்போது நடிகர்களைக் கூப்பிட்டு மேடைக்கு அனுப்பவேண்டும்.

பையனிடம் திறமை இருப்பதை ட்ரீ கண்டுகொண்டார். பேச்சுப் பயிற்சிக்குத் தன் கைப்பணத்தைக் கொடுத்தார். பையனும் விடாமல் பாடுபட்டான். திக்குவாய் திருந்தியது. கேட்டவர் மறக்க முடியாத குரல் பிறந்தது.

போன கண்

முதல் உலகப் போர் வந்தது. ரெயின்ஸ் பட்டாளத்தில் சேர்ந்தார். பிரான்சு நாட்டுப் போர்முனையில் விஷப்புகை தாக்கியது. வலது கண்ணின் பார்வை பெரும்பாலும் போய்விட்டது.

அவர் சோர்ந்து விடவில்லை. சிப்பாயாகச் சேர்ந்தவர் காப்டனாகத் திரும்பினார். மீண்டும் மேடை ஏறினார். தன் கண் குறையை அவர் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

ட்ரீ தொடங்கிய நாடகப் பள்ளியிலேயே ஆசிரியரும் ஆனார். பேச வராத பையன், பிறருக்கு நடிப்புச் சொல்லிக் கொடுத்தார்! பின்னாளில் பெரும் புகழ் பெற்ற ஜான் கில்குட், சார்லஸ் லாட்டன் இருவரும் அவரிடம் பயின்றவர்களே.

பட உலகில்

பிறகு அமெரிக்கா சென்று நியூயார்க் நாடகங்களில் நடித்தார். அங்கே பட உலகம் அவரை உடனே ஏற்கவில்லை. ஆளும் உயரம் இல்லை; வயதும் நாற்பதைத் தாண்டிவிட்டது. டைரக்டர் ஜேம்ஸ் வேலுக்கு அவர் குரல் பிடித்துப் போயிற்று. முகம் தெரியாத வேடத்தை அவருக்கே கொடுத்தார்.

அதன் பின் வாய்ப்புகள் குவிந்தன. 'காசாபிளாங்கா' படத்தில் (1942) லஞ்சம் வாங்கும் போலீஸ் அதிகாரியாக வந்து சிரிக்க வைத்தார். 'நொட்டோரியஸ்' படத்தில் (1946) வில்லன். கதாநாயகி இங்கிரிட் பெர்க்மன் அவரைவிட உயரம். அதனால் சில காட்சிகளில் அவரை மேடான பலகை மீது நடக்கவிட்டுப் படம் எடுத்தார்கள்! ஆனால், வில்லன் மீதே ரசிகர்களுக்கு இரக்கம் வரும்படி நடித்தார்.

ஆஸ்கார் பரிசுக்கு 4 முறை அவர் பெயர் சிபாரிசானது. ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை. எனினும் தாய்வீடான நாடக மேடை அவரைக் கைவிடவில்லை. 1951-ல் சிறந்த நாடக நடிகருக்கான டோனி பரிசு கிடைத்தது.

எழுபது வயதைத் தாண்டிய பிறகு, டென்னிசன் எழுதிய ஒரு நீண்ட கதைப் பாட்டை இசைத்தட்டுக்காகப் படித்தார். பியானோ வாசித்தவர் கிளென் கூல்ட். அந்தத் தட்டிலும் முகம் இல்லை, குரல்தான்!

1967-ம் ஆண்டு மே 30-ந் தேதி, 77-வது வயதில், ரெயின்ஸ் காலமானார். ஒரு பெரியவர் கொடுத்த பயிற்சிப் பணமும், ஒரு சிறுவனின் விடாமுயற்சியும் சேர்ந்து உண்டாக்கிய அந்தக் குரல், படங்களில் இன்றும் கேட்கிறது.