நர்கீஸ் தத் பெயரில் கிராமங்கள் காட்டிய வழி

இந்தித் திரையுலகின் ஈடற்ற நடிகையாகவும், மாநிலங்களவையின் நியமன உறுப்பினராகவும் விளங்கிய நர்கீஸ் தத், 1981 மே 3-ஆம் தேதி மும்பையில் கணையப் புற்றுநோயால் காலமானார். அப்போது அவருக்கு வயது 51. திரைப்படங்களில் மட்டுமன்றி, நாட்டின் புற்றுநோய் மருத்துவ வரலாற்றிலும் அவரது பெயர் நிலைத்திருக்கிறது. அதற்குக் காரணம், மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்தில் உள்ள பார்ஷி என்ற சிறு நகரம்.

1929-இல் கொல்கத்தாவில் பிறந்த நர்கீஸின் இயற்பெயர் ஃபாத்திமா ரஷீத். தாயார் ஜத்தன்பாய் புகழ்பெற்ற பாடகி; திரைப்படத் தயாரிப்பாளர். குழந்தை நட்சத்திரமாக அறிமுகமான நர்கீஸ், 1943-இல் 'தக்தீர்' படத்தில் கதாநாயகியானார். 'ஆவாரா', 'ஸ்ரீ 420' ஆகிய படங்கள் சோவியத் யூனியன் வரை அவரது புகழைப் பரப்பின. 1957-இல் வெளிவந்த 'மதர் இந்தியா'வில், வட்டிக்காரரின் பிடியில் சிக்கியும் தலைநிமிர்ந்து நிற்கும் கிராமத்துத் தாயாக நடித்தார். அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார். அதே ஆண்டில், அப்படத்தில் தமக்கு மகனாக நடித்த சுனில் தத்தை மணந்தார்.

திருமணத்துக்குப் பின் சமூகப் பணிக்குத் திரும்பிய அவர், எல்லைப் பகுதிகளுக்குச் சென்று ராணுவ வீரர்களுக்காகக் கலை நிகழ்ச்சிகள் நடத்தினார். மூளை முடக்குவாதத்தால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கான அமைப்புக்கும் துணை நின்றார். 1980-இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். சத்யஜித் ராயின் படங்கள் இந்தியாவின் வறுமையையே வெளிநாடுகளுக்குக் காட்டுவதாக அவர் கூறியது அக்காலத்தில் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது.

உறுப்பினராகி ஓராண்டு நிறைவதற்குள் நோய் தாக்கியது. முதலில் மஞ்சள் காமாலை எனக் கருதப்பட்டது, பின்னர் கணையப் புற்றுநோய் எனத் தெரியவந்தது. நியூயார்க் நகரின் புகழ்பெற்ற புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றும் பலனில்லை. மகன் சஞ்சய் தத்தின் முதல் படம் திரைக்கு வருவதற்குச் சில நாள்களுக்கு முன் அவர் உயிர் பிரிந்தது.

அன்றைய கிராமத்துப் பெண்களுக்குச் சிகிச்சை மட்டுமல்ல, கணக்கில் இடம்பெறும் வாய்ப்புகூட இருக்கவில்லை. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் தொடக்கத்தில் மும்பை, சென்னை, பெங்களூர் போன்ற நகரங்களை மையமாகக் கொண்டே செயல்பட்டது. இக்குறையை நீக்க, 1987-இல் பார்ஷியில் நாட்டின் முதல் ஊரகப் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கப்பட்டது. நர்கீஸ் பெயரில் அங்கு அமைந்த மருத்துவமனையே அதன் மையம்.

மருத்துவமனை ஏடுகளை மட்டும் நம்பியிருந்தால் அப்பணி முதல் நாளே முடங்கியிருக்கும். எனவே களப்பணியாளர்கள் 346 கிராமங்களுக்கும் நேரில் சென்றனர். ஊர்ப் பெரியவர்களைச் சந்தித்தனர். கூட்டங்கள் நடத்தி நோயின் அறிகுறிகளை விளக்கினர். ஐயத்துக்குரியவர்களைப் பரிசோதனைக்கு வருமாறு ஊக்குவித்தனர். இதன் பயனாக, கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தொடக்க நிலையிலேயே கண்டறியும் அளவு உயர்ந்தது. பெரும் பொருட்செலவின்றி, ஊராரின் ஒத்துழைப்பால் கிட்டிய பலன் இது.

இந்த அனுபவத்தின் மீதுதான் அண்டை மாவட்டமான உஸ்மானாபாதில் (இன்றைய தாராசிவ்) 30 முதல் 59 வயது வரையிலான 1,31,746 பெண்களைக் கொண்ட பெரும் ஆய்வு நடைபெற்றது. 2009-இல் வெளியான அதன் முடிவு உலகின் கவனத்தை ஈர்த்தது. ஹெச்.பி.வி. வைரஸ் பரிசோதனைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கிராமங்களில், ஒரே ஒரு முறை அளிக்கப்பட்ட வாய்ப்பிலேயே, கருப்பை வாய்ப் புற்றுநோய் மரணங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தன. ஒப்பீட்டுக்காகப் பரிசோதனையின்றி விடப்பட்ட பெண்கள் குறித்துப் பின்னாளில் அறவியல் கேள்விகள் எழுந்ததையும் இங்கு குறிப்பிட வேண்டும்.

வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்களுக்கான பரிசோதனையை மக்களிடையே விரிவுபடுத்த மத்திய அரசு 2016-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஆயினும், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயது வரையிலான பெண்களில் கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நாடு முழுவதும் 1.9 சதவீதம் பேர் மட்டுமே. தமிழகத்தில் இது 9.8 சதவீதம். வழி தெரியாததால் நேர்ந்த குறை அல்ல இது. வழியைப் பார்ஷி எப்போதோ காட்டிவிட்டது. அதை மற்ற மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்லும் பொறுப்பு, நர்கீஸ் அமர்ந்திருந்த அதே நாடாளுமன்றத்தின் முன் இருக்கிறது.