வீணை எஸ். பாலசந்தர்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களில் தெருக்கூத்து விடிய விடிய நிகழும். துச்சாதனன் போன்ற கொடியோன் அரங்கிற்கு வரும் வேளையில் இருவர் ஒரு திரைத்துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பர். துணிக்கு மேலே முடியின் உச்சியும், கீழே சலங்கை கட்டிய கால்களும் மட்டுமே தெரியும். பின்னிருந்து பாட்டும் அதட்டலும் எழும். உருவத்தை இன்னும் எவரும் கண்டிலர். எனினும், முன்னே அமர்ந்திருக்கும் சிறுவர்கள் அன்னையின் மடியில் ஒடுங்கிவிடுவர். திரை விலகிய பின் தோன்றும் அச்சத்தினும், விலகுவதற்கு முன் தோன்றும் அச்சமே பெரிது. கூத்தர்கள் இதனை நன்கு அறிவர்.

அச்சத்தை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்த தொல்காப்பியர், அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கினின்று அது பிறக்கும் என்று வகுத்தார். கதையில் அச்சத்தை விளைக்க விரும்புவோர்க்கு இன்னும் ஒன்று தேவை. எதனை முதலில் காட்டுவது, எதனை மறைப்பது என்னும் முறையே அது. அம்முறையைத் தமிழ்ப் பேசும்படத்தில் துணிந்து கையாண்டவர் எஸ். பாலசந்தர். வீணைக் கலைஞராகவே உலகம் அவரை மிகுதியும் அறியும். ஆயினும், தொடக்கக் காட்சி ஒன்றினால் தமிழ்த் திரைப்பட வரலாற்றிலும் அவர் இடம் பெற்றார்.

பாலசந்தர் 1927ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 18ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தையார் சுந்தரம் ஐயர் கலைகளில் பெருவிருப்பம் உடையவர். அவர் இல்லம் இசைவாணர் பலர் வந்து செல்லும் இடமாக இருந்தது. சிறுவர் பாலசந்தர் கஞ்சிராவைக் கையில் எடுத்தபோது பள்ளிப் பருவத்தைச் சரியாக எட்டவில்லை. 1934இல் வெளிவந்த சீதா கல்யாணம் என்னும் படத்தில் குடும்பமே நடித்தது எனலாம். தந்தையார் சனகராகவும், தமையனார் இராசம் இராமனாகவும், தமக்கையார் செயலட்சுமி சீதையாகவும் தோன்றினர். ஏழு வயதுப் பாலசந்தர் இராவணனது அவையில் கஞ்சிரா வாசித்தார். உடன்பிறந்தோர் இருவர் இராமனும் சீதையுமாக நடித்தது அந்நாளில் சிலர்க்குப் பொறுக்கவில்லை. மரபை மீறினால் என்ன பேச்சு எழும் என்பதை அவ்வில்லம் அப்போதே அறிந்துகொண்டது.

கஞ்சிராவை அடுத்துத் தபலா, ஆர்மோனியம், சித்தார் எனப் பல கருவிகளையும் அவர் பழகினார்; இறுதியில் வீணையைத் தமக்கு உரியதாகக் கொண்டார். அதனை ஆசிரியர் ஒருவரிடம் முறையாக அமர்ந்து கற்றாரல்லர். தாமே பயின்று தேர்ந்தார். குருவின்றிக் கற்பது எல்லார்க்கும் கைகூடாது. ஆனால், அவ்வாறு கற்பவர் ஒவ்வொரு விதியையும் ஏன் என்று கேட்டே ஏற்பர். பாலசந்தர் திரைப்படக் கலையையும் இவ்வாறே கற்றார். அயல்நாட்டுப் படங்களை ஆழ்ந்து நோக்கி, அவற்றின் கட்டமைப்பை உணர்ந்தார். 1948இல், இருபத்தொரு வயதில், என் கணவர் என்னும் படத்தை இயக்கினார். 1951இல் கைதி வெளிவந்தது.

அதன்பின் வந்ததே அந்த நாள். சப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா 1950இல் எடுத்த இரசோமோன் என்னும் படம் பாலசந்தர் உள்ளத்தைக் கவர்ந்தது. ஒரு கொலையைப் பலர் பலவாறு கூறும் கதை அது. அந்த அமைப்பினின்று எழுந்த கருத்தை ஏ.வி. மெய்யப்பனார் படமாக்க இசைந்தார். சாவர் சீதாராமன் திரைக்கதையும் உரையாடலும் எழுதினார். துப்பறியும் அலுவலராக நடித்தவரும் அவரே. மூலப் படத்தில் உண்மை எது என்பது இறுதிவரை தெளிவாவதில்லை. பாலசந்தரோ ஐயத்தை வளர்த்து, முடிவில் உண்மையை வெளிப்படுத்தினார். ஆகவே இதனை வெறும் தழுவல் என்று தள்ளுவது பொருந்தாது.

அக்காலத் தமிழ்ப் படங்களுக்கு என்று ஒரு மரபு உண்டு. தொடக்கக் காலப் பேசும்படங்களில் நாற்பது ஐம்பது பாடல்கள்கூட இருந்தன. பின்னர் எண்ணிக்கை குறைந்ததே அன்றி, பாடல் இல்லாத படத்தை எவரும் எண்ணிப் பார்த்திலர். நடனமும் சண்டையும் வேண்டும். தலைவன் இறுதிவரை வாழவும் வேண்டும். பாலசந்தர் இவை அனைத்தையும் விலக்கினார். இசையிலேயே பிறந்து வளர்ந்தவர் பாடலை விலக்கினார் என்பது வியப்பன்றோ! பாட்டு எழும்பினால் கதையின் இறுக்கம் தளரும், காண்போர் நெஞ்சில் மூண்ட ஐயம் ஆறிப்போகும் என்பதை இசை அறிந்தவரே நன்கு உணர்வர் போலும்.

ஒரு மரபை விலக்கியவர் மற்றொரு மரபை முழுமையாக ஏற்றார். மருமக் கதை சாவில் தொடங்க வேண்டும் என்பது அது. கதை நிகழும் காலம் 1943 அக்டோபர். சென்னையில் சப்பானியர் குண்டு வீசிய மறுநாள். வெடியோசை கேட்கிறது, வானொலிப் பொறியாளன் இராசன் மாண்டு கிடக்கிறான். சுட்ட கை எவருடையது என்பது காட்டப்படுவதில்லை. கூத்துத் திரைக்குப் பின் நின்றவனைப் போல, கொலைஞர் கதை முழுதும் மறைந்தே நிற்கிறார். அண்டை வீட்டார், தம்பி, தம்பியின் மனைவி, நடனமாது, இறந்தவனின் மனைவி ஆகிய ஒவ்வொருவர் மேலும் ஐயம் விழுகிறது. மாருதி ராவின் ஒளிப்பதிவில் இருளும் நிழலும்கூடக் கதை மாந்தர் ஆயின.

மாண்டு கிடந்த இராசனாக நடித்தவர், 1928 அக்டோபர் முதல் நாள் விழுப்புரத்தில் பிறந்த சிவாசி கணேசன். முன்னர் வேறு நடிகரைக் கொண்டு எடுத்த பகுதிகளைக் கைவிட்டு, அதன்பின் அவரை அமர்த்தினர். பராசக்தியால் புகழ் பெற்று இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அத்தகைய இளம் நடிகர் முதற்காட்சியிலேயே சாகவும், பின்பு நாட்டைக் காட்டிக்கொடுத்தவன் என்று அறியப்படவும் இசைந்தார். அவருக்கும் அது துணிவான செயலே.

படம் 1954 ஏப்பிரல் 13ஆம் நாள் வெளிவந்தது. பாடலை எதிர்பார்த்து வந்தோர் ஏமாற்றம் அடைந்தனர். முதல் வெளியீட்டில் வருவாய் குறைந்தது. அறிஞர்கள் பாராட்டினர், நடுவண் அரசின் தகுதிச் சான்றிதழும் கிடைத்தது. எனினும், பொருள் இட்டவர்க்கு நேர்ந்த இழப்பைப் பாராட்டு முற்றும் ஈடுசெய்யுமா? பாலசந்தர் தாமும் பின்னர் எடுத்த படங்களில் பாடலை அறவே நீக்கினாரல்லர்.

1964இல் பொம்மை வெளிவந்தது. இங்கே முறை தலைகீழாயிற்று. ஒருவரைக் கொல்வதற்காகப் பொம்மைக்குள் வெடிகுண்டு வைக்கப்படுகிறது. அது தவறிப் பலர் கைக்கு மாறுகிறது. வைத்திருப்போர் அறியார், காண்போர் அறிவர். முந்தைய படத்தில் அறியாமையால் விளைந்த அச்சம், இதில் அறிவதனாலேயே விளைந்தது. படத்தின் இறுதியில் அதற்கு உழைத்த தொழில் வல்லுநர்களைத் திரையிலேயே தோன்றச் செய்து அறிமுகப்படுத்தினார். 1970இல் வந்த நடு இரவில் என்னும் படத்தில், தனித்த மாளிகை ஒன்றில் கூடிய உறவினர் ஒவ்வொருவராக மாள்வர்.

அதன்பின் அவர் வாழ்வு வீணைக்கே உரியதாயிற்று. எழுபத்திரண்டு மேளகருத்தா இராகங்களையும் வாசித்து இசைத்தட்டுகளாகப் பதிவு செய்தார். 1982இல் பத்மபூசண் விருது பெற்றார். திரையில் மரபை உடைத்தவர் இசையில் மரபின் காவலராக நின்றார். புதிய இராகங்களைப் படைத்ததாகக் கூறியோரோடு ஓயாது வாதிட்டார். அவ்வாதங்களில் கடுமை மிகுந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

1990ஆம் ஆண்டு வடக்கே பிலாய் நகருக்குச் சென்றிருந்தபோது நெஞ்சடைப்பால் அவர் காலமானார். அது ஏப்பிரல் 13ஆம் நாள். அந்த நாள் வெளிவந்து முப்பத்தாறு ஆண்டுகள் நிறைந்த நாள்.