கடலுக்குப் பஞ்சாங்கம் கணித்தவர்

அமாவாசை, பௌர்ணமி வந்தால் கடல் பொங்கும் என்று நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்போம். உண்மைதான். திதி என்பதே சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையில் உள்ள கோணக் கணக்கு. 12 பாகைக்கு ஒரு திதி. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், சந்திரன், பூமி மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வருவதால் இரண்டு இழுப்பும் சேர்ந்துகொள்கின்றன, கடல் அதிகமாக ஏறி இறங்குகிறது. அஷ்டமியில் சூரியனும் சந்திரனும் செங்கோணத்தில் நிற்பதால் ஒன்றின் வேலையை மற்றொன்று குறைத்துவிடுகிறது.

ஆனால் துறைமுகத்துக்குள் கப்பலைக் கொண்டுவரும் மாலுமிக்கு இது போதுமா? நாளைக்கு எத்தனை மணிக்கு, எத்தனை அடி தண்ணீர் இருக்கும் என்று அவருக்குத் தெரியணும். அதை இயந்திரத்தில் கணிக்க வழி செய்தவர் வில்லியம் தாம்சன். இயற்பியல் பாடத்தில் வெப்பநிலைக்குக் கெல்வின் என்று ஓர் அலகு படிக்கிறோமே, அந்தக் கெல்வின் பிரபு இவர்தான்.

1824-இல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தார். ஆறு வயதில் தாயை இழந்தார். அப்பா கணித ஆசிரியர். பிள்ளைகளுக்கு அவரே வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலை கிடைத்ததும் குடும்பம் அங்கே போனது. வில்லியம் பத்து வயதிலேயே அந்தப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்துவிட்டார்.

பதினைந்து வயதில் அவர் கையில் ஒரு புத்தகம் கிடைத்தது. பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே வெப்பத்தைப் பற்றி எழுதிய நூல். அதை இரண்டே வாரத்தில் படித்து முடித்தார். எவ்வளவு சிக்கலான ஏற்ற இறக்கமாக இருந்தாலும் அதைப் பல எளிய அலைகளாகப் பிரித்துவிடலாம், திரும்பக் கூட்டினால் பழையது வந்துவிடும் என்பது ஃபூரியே காட்டிய வழி. இன்றைக்கு இன்ஜினியரிங் மாணவர்களான நாங்கள் தேர்வுக்காக மண்டையை உடைத்துக்கொள்ளும் அதே பாடம்தான்! அவருக்கோ அது வாழ்நாள் முழுதும் கைகொடுத்தது.

22 வயதில் கிளாஸ்கோவிலேயே பேராசிரியர் ஆனார். 53 ஆண்டுகள் அங்கேயே கற்பித்தார். வகுப்பறையோடு அவர் நின்றுவிடவில்லை. அட்லாண்டிக் கடலுக்கு அடியில் தந்திக் கம்பி போடும் திட்டத்தில் இறங்கினார். அந்தக் கம்பிக்கு உறையாகச் சுற்றிய கட்டாபெர்ச்சா, நம்ம மலாயா, போர்னியோ பக்கத்துக் காட்டு மரங்களின் பால். 1858-இல் போட்ட கம்பி சில வாரங்களில் செத்துப்போனது. அவர் விடவில்லை. 1866-இல் திட்டம் வெற்றி பெற்றது, அவருக்குச் சர் பட்டமும் கிடைத்தது.

1870-இல் மனைவி மார்கரெட் இறந்தார். அதே ஆண்டு லல்லா ரூக் என்ற பாய்மரப் படகை வாங்கினார். கடல் அவருக்கு இரண்டாவது வீடு ஆனது. கடல் ஏன் ஏறி வற்றுகிறது என்ற கேள்வியிலும் அவர் ஏற்கெனவே இறங்கியிருந்தார்.

நிலவின் ஈர்ப்பே முக்கியக் காரணம் என்று நியூட்டன் 1687-லேயே விளக்கிவிட்டார். நிலவைப் பார்த்திருக்கும் பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இழுக்கப்படுவதால் கடல் இரண்டு பக்கமும் எழும்புகிறது. சூரியன் மிகப் பெரியது என்றாலும் ரொம்பத் தூரத்தில் இருப்பதால் அதன் பங்கு நிலவின் பங்கில் பாதிக்கும் குறைவு. சரி, காரணம் தெரிந்துவிட்டதே, அப்புறம் என்ன சிக்கல்? கரைதான் சிக்கல். அதே நிலவுதான், ஆனால் பௌர்ணமியில் கிள்ளான் துறைமுகத்தில் கடல் சுமார் 4 மீட்டர் ஏறி இறங்கும். திரங்கானு பக்கம் அதில் பாதி அளவுதான். கடலின் ஆழம், கரையின் வளைவு எல்லாம் கணக்கை மாற்றிவிடுகின்றன.

இங்கேதான் பதினைந்து வயதில் படித்த பாடம் வந்து நின்றது. நிலவால் வரும் முக்கிய அலை 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை. சூரியனால் வருவது 12 மணிக்கு ஒருமுறை. நிலவு கிட்டே வருவது, எட்டப் போவது, வடக்கே தெற்கே நகர்வது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அலை. அந்தக் கால அளவுகளை வானம் சொல்லிவிடும். ஆனால் ஒவ்வோர் அலையும் இந்தத் துறைமுகத்தில் எத்தனை அடி உயரம், எவ்வளவு தாமதம் என்பதை அந்தத் துறைமுகத்தில் அளந்துதான் பார்க்கணும். அளந்த பதிவுகளைப் பிரித்து அதைக் கண்டுபிடித்தார்; பிறகு வரப்போகும் நாளுக்கு எல்லா அலைகளையும் கூட்டினால் போதும்.

கூட்டுவதுதான் பெரிய வேலை. 1872-இல் பிரைட்டன் நகருக்கு ரயிலில் போகும்போது, கூட வந்த பொறியாளர் பீச்சம்ப் டவர் சொன்ன யோசனை அதற்கு வழி காட்டியது. வரிசையாகக் கப்பிகள். ஒவ்வொன்றும் ஓர் அலைக்கு உரிய வேகத்தில் மேலும் கீழும் போகும். எல்லாவற்றையும் தழுவி ஒரே ஒரு கம்பி. அதன் முனையில் பேனா. கைப்பிடியைச் சுற்றினால் பத்து அலைகளும் தானாகவே கூடிக் காகிதத்தில் கோடாக விழும். பல்சக்கரக் கணக்குகளைப் போட்டவர் எட்வர்ட் ராபர்ட்ஸ். ஒரு துறைமுகத்தின் ஓராண்டு ஏற்ற வற்றம் சுமார் நாலு மணி நேரத்தில் தயார்! 1879-இல் இந்தியத் துறைமுகங்களுக்காகவே ராபர்ட்ஸ் வடிவமைத்த ஓர் இயந்திரமும் வந்தது.

இவ்வளவு பெரிய அறிவாளி தவறே செய்யவில்லையா? செய்தார். பூமி சூடான உருண்டையாக இருந்து ஆறிவருகிறது என்று வைத்து, அதன் வயது 2 கோடி முதல் 40 கோடி ஆண்டு என்று 1862-இல் கணக்குச் சொன்னார். பிற்காலத்தில் 2 கோடி பக்கமே சாய்ந்தார். உண்மை வயது சுமார் 450 கோடி. கணக்கில் பிழை இல்லை, தொடங்கிய அனுமானத்தில்தான் பிழை. பூமியின் உட்பகுதி அவர் நினைத்த மாதிரி வெப்பத்தைக் கடத்தவில்லை என்று அவருடைய பழைய உதவியாளர் ஜான் பெர்ரியே 1895-இல் எடுத்துக்காட்டியும் அவர் மாறவில்லை. கடல் விஷயத்தில் ஒவ்வொரு கரையையும் அளந்து கேட்டவர், பூமி விஷயத்தில் தன் கணக்கையே நம்பிவிட்டார்.

1899-இல் ஓய்வு பெற்றதும், 75 வயதில், அதே பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராகப் பெயர் பதிந்துகொண்டார். 1907 டிசம்பரில் காலமானார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நியூட்டன் சமாதிக்கு அருகில் அவரும் அடக்கம் செய்யப்பட்டார். 1944 ஜூனில் நேச நாட்டுப் படைகள் பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் இறங்க நாளும் நேரமும் குறித்தபோது, கடல் எப்போது வற்றும் என்று கணித்துச் சொன்னவை அவர் தொடங்கிவைத்த அதே வகை இயந்திரங்கள்.

நண்பர்களே, அடுத்த பௌர்ணமிக்குக் கடற்கரைப் பக்கம் போனால் நிலவை மட்டும் பார்க்காதீங்க. ஓத அட்டவணையில் அன்றைய நேரத்தையும் பார்த்துவிட்டுப் போங்க. தண்ணீர் சொன்ன நேரத்துக்கு ஏறுகிறதா என்று நீங்களே சரிபார்க்கலாம். காரணம் தெரிந்துகொள்வது பாதி அறிவு. அளந்து பார்ப்பது மீதிப் பாதி.