இருட்டறையில் ஒளி கண்ட அம்மையார்

ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார் 1815-இல் கல்கத்தாவில் பிறந்தார். இங்கிலாந்தின் வைட் தீவில் வாழ்ந்த அவருக்கு, 1863-இல், 48-ஆம் வயதில், மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசளித்தனர். வீட்டு நிலக்கரி அறை இருட்டறையாயிற்று. கோழிக்கூடு படமெடுக்கும் கண்ணாடிக் கூடமாயிற்று.

அதிவேகப் பிலிம் இல்லாத காலம் அது. படம் பதியும்வரை சில நிமிடங்கள் அசையாது அமர வேண்டும். மருந்து பூசிய கண்ணாடித் தகட்டை, ஈரம் உலருமுன் அவரே கழுவி உருத்துலக்குவார். வெள்ளி நைட்ரேட் அவர் கைகளைக் கறுக்கச் செய்தது. படங்கள் தெளிவற்றவை என்று விமரிசகர் பழித்தனர், அவர் தளரவில்லை. டென்னிசன், டார்வின், ஹெர்ஷல் ஆகியோரை அவர் எடுத்த படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன.

1875-இல் இலங்கையில் குடியேறி, 1879-இல் அங்கேயே மறைந்தார். தோழியரே, கற்கத் தொடங்க வயது தடையன்று!