இலக்குக் காவலர் ஜான் தாம்சன்

கால்பந்தாட்டத்தில் கோல் அடித்தவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடுவர். கோலைத் தடுத்தவரை மறந்துவிடுவர். ஆயினும் ஸ்காட்லாந்து மக்கள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகியும் மறவாத பெயர் ஓர் இலக்குக் காவலரின் பெயரே ஆகும். அவரே ஜான் தாம்சன்.

1909ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 28ஆம் நாள் ஃபைஃப் மாவட்டத்துக் கிர்க்கால்டியில் பிறந்த தாம்சன், கார்டென்டென் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில் வளர்ந்தார். பதினான்காம் வயதிலேயே சுரங்கத்தில் இறங்கி உழைத்தார். ஓய்வு நேரத்தில் சிற்றூர் அணிகளுக்காக ஆடினார். வேறொரு காவலரைக் காண வந்த செல்ட்டிக் கழகத்தின் தேர்வாளர் இவரது ஆற்றலைக் கண்டு வியந்து, 1926இல் பத்துப் பவுனுக்கு இவரை ஒப்பந்தம் செய்தார் என்பர். 1927 பிப்ரவரியில் டண்டீ அணிக்கு எதிராக முதன்முதலாகக் களம் கண்டபோது அவருக்கு அகவை பதினெட்டே. அவ்வாண்டே ஸ்காட்டிஷ் கோப்பையும் கைக்கு வந்தது. 1931இல் மீண்டும் அக்கோப்பையை வென்றனர்.

நாட்டுக்காக அவர் ஆடியவை நான்கு ஆட்டங்கள். அவற்றில் விட்டுக்கொடுத்தது ஒரே ஒரு கோல். உயரத்தால் மிகுந்தவர் அல்லர். ஆனால் எதிரி பந்தோடு பாய்ந்து வரும்போது அவன் கால்களை நோக்கியே பாய்ந்து பந்தைப் பற்றும் துணிவு அவரிடம் இருந்தது. அத்துணிவுக்கு விலையும் கொடுத்தார். 1930இல் ஓர் ஆட்டத்தில் தாடையும் விலா எலும்புகளும் முறிந்தன. அவர் இவ்வாட்டத்தை விட்டுவிட வேண்டுமென்றே அன்னை விரும்பினார்.

கிளாஸ்கோ நகரின் நிலையையும் நாம் இங்கே அறிந்துகொள்ள வேண்டும். ஏழை அயர்லாந்துக் கத்தோலிக்கருக்கு உதவும் பொருட்டு 1887இல் தோன்றியது செல்ட்டிக் கழகம். ரேஞ்சர்ஸ் கழகமோ புராட்டஸ்டன்டு மக்களின் ஆதரவைப் பெற்றது. இரு சாராரின் பகைமை ஆட்டக்களத்தோடு நிற்பதன்று. தாம்சனோ புராட்டஸ்டன்டு குடும்பத்தில் பிறந்து செல்ட்டிக் அணியைக் காத்தவர்!

1931 செப்டம்பர் 5. ரேஞ்சர்ஸ் கழகத்தின் ஐப்ராக்ஸ் திடலில் ஏறத்தாழ 80,000 பேர் கூடியிருந்தனர். இடைவேளைக்குப் பின் சிறிது நேரத்தில் ரேஞ்சர்ஸ் முன்கள வீரர் சாம் இங்கிலிஷ் பந்தோடு விரைந்தார். (இங்கிலிஷ் என்பது குடும்பப் பெயரே, அவர் பிறந்தது அயர்லாந்தின் வடபகுதியில்.) தாம்சன் வழக்கம்போல் அவர் கால்களை நோக்கிப் பாய்ந்தார். முழங்கால் தலையில் மோதியது, மண்டையோடு உடைந்தது. நடந்ததன் கொடுமையை அறியாத ரசிகர்கள் சிலர் ஆர்ப்பரித்தனர். ரேஞ்சர்ஸ் தலைவர் டேவி மெய்க்கிள்ஜான் தம் அணியின் ரசிகர்களை நோக்கிக் கையுயர்த்தி அவர்களை அடக்கினார். இச்செயலை நாம் எத்துணைப் போற்றினும் தகும். கோல் எதுவுமின்றி ஆட்டம் முடிந்தது. அன்றிரவே மருத்துவமனையில் தாம்சன் உயிர் நீத்தார். அகவை இருபத்திரண்டு.

வேலையின்மை வாட்டிய காலம் அது. இரயில் கட்டணத்துக்கு வழியற்றோர் பலர் கிளாஸ்கோவிலிருந்து ஐம்பத்தைந்து மைல் நடந்தே கார்டென்டென் சென்றனர். இடைவழியில் வெட்டவெளியில் உறங்கினர். இறுதி ஊர்வலத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர் என்பர். சுரங்கத் தொழிலாளியின் மகனுக்கு வேறெங்கு இத்தகைய வழியனுப்புதல் கிடைத்தது?

நம் நெஞ்சை மேலும் உறுத்துவது சாம் இங்கிலிஷின் கதை. விசாரணை அதனை விபத்தென்றே முடிவு செய்தது. தாம்சன் குடும்பத்தார் அவர்மேல் பழி சுமத்தவில்லை. ஆனால் செல்ட்டிக் மேலாளர் வில்லி மாலி, விபத்தாகவே இருக்குமென நம்புவதாகக் கூறியதோடு நிறுத்திக்கொண்டார். அச்சொல் ஐயத்துக்கு இடமளித்துவிட்டது. அப்பருவத்தில் லீக் ஆட்டங்களில் 44 கோல்கள் அடித்துக் கழகச் சாதனை படைத்தும், சென்ற திடலெங்கும் ஏச்சே அவரைத் தொடர்ந்தது. 1932இல் லிவர்பூலுக்குச் சென்றார், அங்கும் நிம்மதியில்லை. 1938இல் ஆட்டத்தையே துறந்தார், 1967இல் மறைந்தார்.

ஸ்காட்லாந்துக் கால்பந்துப் புகழரங்கில் 2008இல் தாம்சன் பெயர் இடம்பெற்றது. அதற்கு மறு ஆண்டு, மிகுதியான லீக் கோல் அடிக்கும் தம் வீரருக்குச் சாம் இங்கிலிஷ் பெயரால் கோப்பை வழங்கும் வழக்கத்தை ரேஞ்சர்ஸ் கழகம் தொடங்கியது.